பெரியப்பாவோட புல்லட்டும் நான் காயலான் கடையில போட்ட டேங்க்கும்

மல்லாட்டை பிடுங்கி முடிச்சு, கொடியை எல்லாம் மாட்டுக்குப் போர் போட்டாச்சு. (மல்லாட்டைன்னா நிலக்கடலைங்க. எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம்.) இப்பதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைச்சுது. இந்த முறை விவசாயம் இல்ல, ஒரு மோட்டார் சைக்கிள் பத்தி. அதுவும் ஒரு வகையில விவசாயக் கதைதான், கடைசி வரைக்கும் படிச்சா உங்களுக்கே தெரியும்.

2025 ஜூலையில செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது எல்லாருக்கும் தெரியும். அப்புறம் ஞாயித்துக்கிழமை ஆனா சென்னை, பாண்டிச்சேரி வண்டிங்க நிறைய வருது. கோட்டை ஏறி இறங்கினவங்கள்ல கொஞ்சம் பேர், இன்னும் என்ன பார்க்கலாம்னு விசாரிச்சு எங்க தளவானூருக்கும் வர்றாங்க. எங்க ஊர் குன்றுல பல்லவ ராஜா மகேந்திரவர்மன் குடைஞ்ச கோயில் இருக்குது. சத்ருமல்லேஸ்வராலயம்னு பேரு. சத்ருமல்லன்னா அவரோட பட்டப்பேர். ஏழாம் நூற்றாண்டு ஆரம்பத்துல வெட்டினது.

அப்படி வந்த ஒரு சென்னைத் தம்பி, தண்ணி கேட்டு எங்க பெரியம்மா வீட்டுத் திண்ணையில ஏறியிருக்கார். ரேழியில சாக்கு போட்டு மூடி நின்ன வண்டியோட சக்கரம் கண்ணுல பட்டிருக்கு. தண்ணியைக் குடிக்கவே இல்லையாம். "அம்மா, அந்தச் சாக்கைக் கொஞ்சம் தூக்கிப் பார்க்கலாமா?"ன்னு கேட்டிருக்கார். அரை மணி நேரத்துல பெரியம்மா எனக்கு போன் போட்டுட்டாங்க. "டேய், யாரோ ஒரு புள்ள வந்து உங்க பெரியப்பா வண்டியை விலைக்குக் கேக்குது. நீ வா."

அந்தத் தம்பி பழைய மோட்டார் சைக்கிள் சேகரிக்கிறவர். அன்னைக்கு அவர் வண்டியைப் பார்த்த விதத்தைப் பார்த்துத்தான் எனக்கு இதை எழுதணும்னு தோணுச்சு.

வண்டி எங்க வீட்டுக்கு வந்த கதை

அது 350 சிசி புல்லட். 1971-ல பதிவானது. முதல் முதலாளி செஞ்சிப் பக்கம் ரைஸ் மில் வெச்சிருந்தவர். பெரியப்பா 1980-ல அவர்கிட்ட இருந்து வாங்கினார். ரெண்டு வருஷ மல்லாட்டைப் பணம் அதுக்கே போச்சுன்னு பெரியம்மா இன்னைக்கும் சொல்லுவாங்க.

எனக்கு அப்ப எட்டு, ஒன்பது வயசு இருக்கும். ஊருக்குள்ள வேற மோட்டார் சைக்கிளே கிடையாது. சைக்கிள் வெச்சிருந்தாலே வசதியான வீடு. பெரியப்பா செஞ்சி கமிட்டிக்கு (ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தை நாங்க கமிட்டின்னுதான் சொல்லுவோம்) கிளம்பினா, ஏரிக்கரை திரும்புற வரைக்கும் சத்தம் கேட்கும். பசங்க நாங்க பின்னாடியே ஓடுவோம். எங்களுக்குள்ள அவருக்குத் தேசிங்குன்னு பேர் வெச்சிருந்தோம். 1714-ல ஆற்காடு நவாப்போட சண்டை போட்டுச் செத்துப்போன செஞ்சி ராஜா தேசிங்கு. எங்க பக்கத்துல அவர் கதையை யார் சொன்னாலும் குதிரையில இருந்துதான் ஆரம்பிப்பாங்க. எங்க பெரியப்பா கதையும் அப்படித்தான், புல்லட்டை விட்டுட்டுச் சொல்ல முடியாது.

வண்டியை ஒரு நாளும் மாட்டுக் கொட்டாயில விட மாட்டார். மாட்டு மூத்திரக் காத்து பட்டா குரோம் பூத்துப் போகும்னு சொல்லுவார். ரேழியிலதான் நிறுத்துவார், மனுஷங்க ஒதுங்கித்தான் போகணும். வாரத்துல ரெண்டு நாள் எடுத்தே ஆகணும். வேலை இல்லைன்னாலும் கழனி வரைக்கும் போய்ட்டு வருவார். நின்ன வண்டி கெட்ட வண்டிம்பார்.

சீமையில இருந்து திருவொற்றியூருக்கு

அந்தச் சென்னைத் தம்பி சொன்னது, நான் படிச்சது, பெரியப்பா அப்பப்ப சொன்னது எல்லாத்தையும் சேர்த்து இந்த வண்டியோட வரலாற்றைக் கொஞ்சம் சொல்றேன்.

ராயல் என்ஃபீல்டு பிறந்தது இங்கிலாந்துல, ரெடிச்ங்கிற ஊர்ல. அந்தக் கம்பெனி முதல் மோட்டார் சைக்கிளைச் செஞ்சது 1901-ல. புல்லட்ங்கிற பேர் வந்தது 1932-ல. பின் சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர் வெச்ச, நமக்குத் தெரிஞ்ச உருவத்துல இருக்கிற 350 புல்லட் ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச பிறகு, 1940-களோட கடைசியில வந்தது.

அதே சமயத்துல நம்ம நாடு சுதந்திரம் வாங்கி, புது எல்லையைக் காவல் காக்க வேண்டிய நிலைமையில இருந்தது. மலையிலயும் பாலைவனத்துலயும் ரோந்து போறதுக்கு வண்டி வேணும். 1950-களோட ஆரம்பத்துல இராணுவம் நூத்துக்கணக்குல புல்லட்டுக்கு ஆர்டர் கொடுத்தது. இங்கே அதை விற்றுக்கிட்டு இருந்தது மெட்ராஸ் மோட்டார்ஸ். 1955-ல ரெடிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனியை ஆரம்பிச்சாங்க. வட சென்னையில திருவொற்றியூர்ல தொழிற்சாலை. முதல்ல சாமான் எல்லாம் கப்பல்ல வரும், இங்கே பூட்டுவாங்க. அப்புறம் அச்சு, மெஷின் எல்லாமே இங்கே வந்துடுச்சு. 1962 வாக்குல முழு வண்டியும் இங்கேயே தயாராச்சு.

அதுக்கப்புறம் இங்கிலாந்துல நடந்தது வேற. அங்கே ஜனங்களுக்குக் கார் வாங்க வசதி வந்துடுச்சு. ஜப்பான்காரன் எண்ணெய் ஒழுகாத, பட்டனைத் தட்டினா ஸ்டார்ட் ஆகுற வண்டியைக் கொண்டுவந்து இறக்கிட்டான். புல்லட்டைத் தயாரிக்கிறதை அவங்க 1960-களோட ஆரம்பத்துலயே நிறுத்திட்டாங்க. 1967-ல ரெடிச் தொழிற்சாலையே மூடிட்டாங்க. இன்னும் மூணு நாலு வருஷத்துல கம்பெனியே இல்லாமப் போச்சு.

திருவொற்றியூர்ல மட்டும் அதே வண்டி, அதே அச்சுல, வந்துக்கிட்டே இருந்தது. ஏன்? நம்மாளுங்களுக்குப் பழமை மேல பாசம்னு சிலர் எழுதுறாங்க. நான் நம்பல. வெளிநாட்டு வண்டியை இறக்குமதி பண்ண முடியாது. புது மாடல் போடணும்னா லைசென்ஸ் வேணும், அந்நியச் செலாவணி வேணும். போலீஸும் இராணுவமும் அதே வண்டியையே வாங்கிக்கிட்டு இருந்தாங்க. மாத்தறதுக்கு வழியும் இல்ல, மாத்தியே ஆகணும்ங்கற நெருக்கடியும் இல்ல. அதனால மாறாம நின்னுச்சு.

அப்புறம் 1977-ல ஒரு வேடிக்கை நடந்தது. திருவொற்றியூர்ல செஞ்ச புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆச்சு. தன் ஊர்ல மூடிப்போன வண்டியை, தன் அப்பா ஓட்டின வண்டியை, வெள்ளைக்காரன் மெட்ராஸ்ல இருந்து காசு கொடுத்து வாங்கினான். வசதி இருந்த நாடு தூக்கிப் போட்டதை, வசதி இல்லாத நாடு வெச்சிருந்து திருப்பி வித்தது.

இந்த ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கங்க. பழைய பொருள் பிழைச்சிருக்குன்னா, பல நேரம் அதை யாரும் ஆசைப்பட்டுக் காப்பாத்தினது இல்ல. வேற வாங்க முடியாததால ரிப்பேர் பண்ணிப் பண்ணி ஓட்டினதுல பிழைச்சது.

தம்பி வண்டியைப் பார்த்த விதம்

நான் போனதும் முதல்ல பண்ண நினைச்சது, வண்டியை வெளிய தள்ளி நல்லா தண்ணி ஊத்திக் கழுவறது. மாடு விக்கும்போது குளிப்பாட்டி, கொம்பு சீவி, எண்ணெய் தடவித்தானே சந்தைக்கு ஓட்டுவோம்? தம்பி பதறிட்டார். "அண்ணே, தயவுசெஞ்சு ஒண்ணும் பண்ணாதீங்க. தூசி இருக்கட்டும். தூசிதான் எனக்கு சாட்சி."

சாக்கை எடுத்துட்டு கால் மணி நேரம் வண்டியைத் தொடவே இல்ல. சுத்திச் சுத்திப் பார்த்தார். அப்புறம் மண்ணெண்ணெய் நனைச்ச துணியால இன்ஜின் பக்கத்துல ஒரு இடத்தைத் துடைச்சார். இன்ஜின் நம்பர். ஹேண்டில்பாருக்குக் கீழ, ஃபோர்க் வந்து சேருற தலைப்பகுதியில இன்னொரு இடத்தைத் துடைச்சார். சேஸிஸ் நம்பர். ரெண்டையும் ஆர்.சி. புக்கோட வெச்சு ஒவ்வொரு எழுத்தா படிச்சார். எண்ணை ராவிட்டு புதுசா அடிச்சிருந்தா எழுத்து ஒண்ணு மேல, ஒண்ணு கீழ நிக்கும், சுத்தியிருக்கிற உலோகம் வழவழன்னு இருக்கும்னார். எங்களுது சரியா இருந்தது. பழைய மூணெழுத்து நம்பர் பிளேட்டும் அப்படியே இருந்தது. (TN-32 மாதிரி நம்பரெல்லாம் 1989-ல வந்த புது முறை.)

புல்லட்ல இந்த சோதனை ஏன் முக்கியம்னு கேட்டேன். அவர் சொன்னது எனக்குப் புதுசு. ஜாவா, எஸ்டி வண்டிங்க மைசூர்ல ஐடியல் ஜாவா கம்பெனி செஞ்சது. 1960-கள்ல இருந்து ஜாவா, 1973-ல இருந்து எஸ்டின்னு பேர். 1996-ல அந்தத் தொழிற்சாலை மூடிடுச்சு. ஜாவா பேர் 2018-ல திரும்ப வந்தாலும் அது வேற கம்பெனி, வேற வண்டி. யமஹா ஆர்எக்ஸ் 100-ம் 1985-ல வந்து 1996-ல நின்னு போச்சு. அதனால அதுக்கெல்லாம் சாமான் கிடைக்கிறதுதான் கஷ்டம். புல்லட் தலைகீழ். அந்தப் பழைய இரும்பு இன்ஜின் 2010 வாக்கு வரைக்கும் வந்துக்கிட்டே இருந்தது. ஒரு வருஷத்து சாமானை இன்னொரு வருஷத்து வண்டியில பூட்டிடலாம். நாலு வண்டியை அவுத்து ஒரு வண்டி பண்ணலாம். "ஓடுற பழைய புல்லட் ஆயிரம் கிடைக்கும் அண்ணே. ஒரே வண்டியா பொறந்து ஒரே வண்டியாவே இருக்கிற புல்லட்தான் கிடைக்காது"ன்னார்.

எங்க பக்கத்துலயே சிலர் பெட்ரோல் இன்ஜினைக் கழட்டிட்டு டீசல் இன்ஜின் வெச்சு ஓட்டினது எனக்கு ஞாபகம் வந்தது. 1990-கள்ல கம்பெனியே டீசல் புல்லட் விட்டது. கிராமத்துல பெட்ரோல் செலவு தாங்காது. அதைத் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். வயித்துப் பாட்டுக்குப் பண்ணது.

அப்புறம் ஹெட்லைட் தொப்பியைப் பார்த்தார். ஸ்பீடாமீட்டரும் ஆம்பியர் மீட்டரும் அதிலேயே பதிஞ்சிருக்கும், ரெண்டு பக்கமும் பூனைக்கண் மாதிரி சின்ன லைட்டு. எல்லாமே பழசு. மட்கார்டு பழசு. கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம், அந்தக் காலத்து முறை. முதல் கியருக்கு மேல தூக்கணும், மத்த மூணுக்கும் கீழ அமுக்கணும். ஒவ்வொண்ணையும் பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்துக்கிட்டே வந்தது.

டூல் பாக்ஸ் மூடிங்க கிட்ட வந்தப்ப என்னைக் கூப்பிட்டார். "இந்தத் தங்கக் கோட்டைப் பாருங்க. வலது பக்கம் பாருங்க, இப்ப இடது பக்கம் பாருங்க." பார்த்தேன். வளையிற இடத்துல ஒண்ணு கொஞ்சம் தடிப்பு, இன்னொண்ணு மெலிசு. "மெஷின்ல அடிச்சது இல்ல. தூரிகையைத் தொட்டு ஒரே இழுப்புல கையால இழுத்தது. திருவொற்றியூர்ல இப்படித்தான் கோடு போடுவாங்க. யாரோ ஒருத்தர் மூச்சை அடக்கிக்கிட்டு இழுத்திருக்கார்."

நாற்பத்தஞ்சு வருஷமா எங்க வீட்டு வண்டி. நான் துடைச்சிருக்கேன், ஓட்டியிருக்கேன். அந்தக் கோடு கையால போட்டதுன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அடுத்து அவர் கேட்டதுதான் என்னைச் சுட்டது. "டேங்க் மட்டும் எப்படி அண்ணே புதுசு?"

நான் பண்ணது

பெரியப்பா 2015-ல காலமானார். ரெண்டு வருஷம் வண்டி சும்மா நின்னுது. 2017-ல நான் எடுத்து ஓட்டலாம்னு ஆசைப்பட்டேன். டேங்க் அடியில துரு பிடிச்சுப் பொத்தல், பெட்ரோல் சொட்டுச்சு. பத்தவெச்சுப் பட்டி பார்க்கலாம்தான். ஆனா கடையில பளபளன்னு புது டேங்க் தொங்குது, ஸ்டிக்கரோட. வாங்கிப் போட்டேன். அதோட சைலென்சரும் மாத்தினேன், சத்தம் பெருசா வரணும்னு. சீட்டுக்குப் புது ரெக்ஸின்.

பழைய டேங்க்கையும் சைலென்சரையும் செஞ்சியில காயலான் கடையில எடைக்குப் போட்டேன். கிடைச்ச காசு டீ, போண்டாவுக்கு சரியாப் போச்சு.

கொஞ்ச நாள் ஓட்டினேன். கிக்கர் உதைக்க இடுப்பு ஒத்துழைக்கல. மொபெட்டுக்கே திரும்பிட்டேன். புல்லட் சாக்குக்கு அடியில போச்சு.

தம்பி கோபப்படல. அதுதான் கஷ்டமா இருந்தது. "எல்லாரும் அப்படித்தான் அண்ணே பண்றாங்க"ன்னார். அப்புறம் தான் கொடுக்கிற விலையைச் சொன்னார். தொகையை எழுதக் கூடாதுன்னு பெரியம்மா உத்தரவு. ரெண்டு நல்ல கறவை மாடு கன்னோட வாங்கிட்டு மிச்சமும் இருக்கும்னு வெச்சுக்கங்க. "பழைய டேங்க் இருந்திருந்தா இன்னும் பாதி சேர்த்துக் கொடுத்திருப்பேன். அந்த டேங்க்லதான் நீளமான கோடு இருந்திருக்கும்."

அன்னைக்கு ராத்திரி படுத்து யோசிச்சேன். பெரியப்பா முப்பத்தஞ்சு வருஷம் அந்த வண்டியை மாத்தாம வெச்சிருந்தது அது பழம்பொருள்னு தெரிஞ்சா? இல்ல. அவர்கிட்ட காசு இல்ல. டேங்க் ஒழுகினா பத்தவெப்பார். பிளாட்டினம் பாயிண்ட் தேய்ஞ்சா உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். என் கையில கொஞ்சம் காசு வந்ததும் நான் பண்ண முதல் வேலை தூக்கிப் போட்டது. இங்கிலாந்துக்காரன் 1967-ல பண்ணதை நான் 2017-ல பண்ணியிருக்கேன், அம்பது வருஷம் கழிச்சு, செஞ்சி காயலான் கடையில.

மறுநாள் காலையில அந்தக் கடைக்குப் போனேன். எதிர்பார்த்தது தான். வர்ற இரும்பு எல்லாம் மாசத்துக்குள்ள லாரி ஏறி உலைக்குப் போயிடும்னாங்க. எட்டு வருஷம் கழிச்சு வந்து கேக்குறியேன்னு சிரிச்சாங்க.

பேப்பர் வேலை

உங்கள்ல யாராவது பழைய வண்டி வாங்கறதா இருந்தா, இந்தப் பகுதியை மட்டும் கவனமா படிங்க. ஆசையில வாங்கிட்டு அப்புறம் அலையறவங்க நிறைய.

எங்க வண்டி இன்னும் பெரியப்பா பேர்லதான் இருக்கு. கடைசியா 2011-ல புதுப்பிச்சது. முதல் பதினஞ்சு வருஷத்துக்குப் பிறகு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும், அதுக்கு ஃபாரம் 25. நாங்க விட்டுட்டோம். பேர்ல இருக்கிறவர் இறந்துட்டா, முதல்ல வாரிசு பேருக்கு மாத்தணும். அதுக்கு ஃபாரம் 31. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேணும். பெரியம்மாவும் சென்னையில இருக்கிற அவங்க பொண்ணும் வாரிசு. ரெண்டு பேர் சம்மதமும் வேணும். அதுக்கு அப்புறம்தான் விக்கிறதுக்கு ஃபாரம் 29, 30.

"வெறும் ஃபாரத்துல கையெழுத்து போட்டு வண்டியை அனுப்பிடலாம், அப்புறம் பார்த்துக்கலாம்"னு புரோக்கருங்க சொல்லுவாங்க. ஒத்துக்காதீங்க. வண்டி கை மாறியும் பேர் மாறலைன்னா, விபத்து நடந்தா நஷ்ட ஈடு கேட்டு வர்றது ஆர்.சி.யில பேர் இருக்கிறவங்களைத்தான். 2018-ல உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் தீர்ப்பு சொல்லிடுச்சு. வாங்கறவங்களுக்கும் ஆபத்து, விக்கறவங்களுக்கும் ஆபத்து.

2021 ஜூலையில மத்திய அரசு பழைய வண்டிங்களுக்குன்னே தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவுல இருந்து அம்பது வருஷம் தாண்டின இரு சக்கர, நாலு சக்கர வண்டிங்க விண்டேஜ்னு பதிவு பண்ணிக்கலாம். சேஸிஸ், பாடி, இன்ஜின் எதையும் பெருசா மாத்தியிருக்கக் கூடாது. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வெச்சுக்கலாம். புதுசா பதிவு பண்ணா நம்பர்ல வி.ஏ.ன்னு எழுத்து வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். மறுபதிவுக்கு 5,000. எங்க வண்டி 1971, அம்பதைத் தாண்டிடுச்சு.

ஆனா ஒரு நிபந்தனை. விண்டேஜ்னு பதிவான வண்டியை தினமும் ரோட்டுல ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இதுக்குத்தான் எடுக்கலாம்.

இதைக் கேட்டதும் பெரியம்மா, "அப்ப அதை எடுத்துட்டுப் போய் கண்ணாடிப் பெட்டியில வெக்கவா போற?"ன்னு தம்பியைக் கேட்டாங்க. நியாயமான கேள்வி. எங்க வீட்டுல விதை நெல்லு உண்டு. பழைய ரகத்தைக் காப்பாத்தணும்னா குதிர்ல போட்டு மூடி வெச்சா ஆகாது. ரெண்டு மூணு வருஷத்துல முளைப்பு போயிடும். வருஷா வருஷம் ஒரு ஓரமாவது விதைச்சு, அறுத்து, திரும்ப விதைச்சாத்தான் அது விதை. இல்லைன்னா அரிசி. வண்டியும் அப்படித்தானே? நின்னா ரப்பர் காயும், எண்ணெய் இறுகும், டேங்க் உள்ளே துரு ஏறும்.

தம்பி சொன்னார், "இல்லம்மா. நான் விண்டேஜ்ல போடலை. சாதாரணமாவே புதுப்பிச்சு, ஞாயித்துக்கிழமை ஓட்டுவேன்." பெரியம்மா அதுக்கப்புறம்தான் சரின்னாங்க. விலையைக் கேட்டப்ப கூட அவங்க தலையாட்டல.

எங்க ஊருக்குப் பக்கத்துல மண்டகப்பட்டுல மகேந்திரவர்மனோட இன்னொரு குகைக் கோயில் இருக்கு. செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம இந்தக் கோயிலைக் கட்டினேன்னு அங்கே கல்வெட்டுல பெருமையாச் சொல்லியிருக்கார். அழியற பொருள் ஒண்ணும் சேர்க்கலைன்னு அர்த்தம். ஆயிரத்து நானூறு வருஷம் ஆச்சு, யாரும் தொட வேண்டிய அவசியமே இல்லாம நிக்குது. எங்க பெரியப்பாவோட வண்டியில இருக்கிறது எல்லாமே அழியற பொருள்தான். இரும்பு, ரப்பர், ரெக்ஸின், பெயிண்ட். அதை நிக்க வெச்சது ஒரு மனுஷனோட கை. கை நின்னதும் வண்டியும் நின்னு போச்சு.

போகறதுக்கு முன்னாடி

மறு வாரம் தம்பி ஒரு வயசான மெக்கானிக்கைக் கூட்டிக்கிட்டு வந்தார். எண்ணெய் மாத்தி, கார்புரேட்டர் கழுவி, பேட்டரி போட்டாங்க. ஓட்டிப் பார்க்காம வாங்கறவர் இல்ல அவர்.

புல்லட்டை உதைக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு உதைச்சா திருப்பி உதைக்கும், முழங்காலே போயிடும். இடது கைப்பிடியில இருக்கிற சின்ன டீகம்ப்ரசர் லீவரைப் பிடிச்சுக்கிட்டு, கிக்கரை மெதுவா அமுக்கிக்கிட்டே வரணும். ஆம்பியர் முள் நடுவுக்கு வரும். வந்ததும் லீவரை விட்டுட்டு, கிக்கரை மேல கொண்டுவந்து ஒரே உதை. பிஸ்டன் சரியான இடத்துல இருக்குன்னு அந்த முள்ளுதான் சொல்லும்.

மெக்கானிக் மூணு தடவை முயற்சி பண்ணார். வரலை. உள்ளே இருந்து பெரியம்மா குரல் கொடுத்தாங்க, "முள்ளு நடுவுல வந்த அப்புறம் ஒரு மூச்சு பொறு. உடனே உதைக்காத." எழுபத்தாறு வயசு. ஒரு நாளும் அந்த வண்டியை ஓட்டினவங்க இல்ல. முப்பத்தஞ்சு வருஷம் பக்கத்துல நின்னு பார்த்தவங்க.

அடுத்த உதையில எடுத்துக்கிச்சு.

நான் போட்ட சைலென்சர் என்பதால சத்தம் பெரியப்பா காலத்து சத்தம் இல்ல. பெரியம்மா கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "இது அந்த சத்தம் இல்லடா"ன்னாங்க. அவ்வளவுதான். அடுப்படிக்குப் போயிட்டாங்க.

வண்டி இன்னும் ரேழியிலதான் நிக்குது. வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்திருக்கோம். பேர் மாறினதும் தம்பி வந்து எடுத்துட்டுப் போவார். முன்பணம் கொடுத்துட்டார்.

டேங்க்கால குறைஞ்சு போன தொகை ஒண்ணு இருக்கே, அதை இந்த மல்லாட்டைப் பணத்துல இருந்து பெரியம்மா கையில கொடுக்கலாம்னு இருக்கேன். வேணாம்னு சொல்றாங்க. கமிட்டியில இருந்து பணம் வந்ததும் கொடுத்துடுவேன்.

உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். சொந்த ஊர்ல, தாத்தா வீட்டுல, இப்படி ஏதாவது சாக்குக்கு அடியில நின்னா, பெயிண்ட் அடிக்காதீங்க, கழுவக்கூட வேணாம். ஆர்.சி. புக் எங்கே இருக்குன்னு பெரியவங்க உயிரோட இருக்கும்போதே கேட்டு வெச்சுக்கங்க. கழட்டின சாமானை, உடைஞ்சிருந்தாலும், ஒரு பெட்டியில போட்டுப் பரண்ல வைங்க. அதை ஓட்டினவங்க பக்கத்துல இருந்தவங்களைக் கூப்பிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கேளுங்க. முள்ளு நடுவுல வந்த அப்புறம் ஒரு மூச்சு பொறுக்கணும்னு எந்தப் புத்தகத்துலயும் போட்டிருக்க மாட்டான்.

அடுத்த முறை உளுந்து விதைப்பு பத்தி எழுதறேன். மழை வரணும்.